சூரியனுக்கு ஒரு வருகைப் பதிவேடு

(பிம்ப்ரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்பதும் படமெடுப்பதும் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த மாதிரிப் பேச்சுக்குத் திரை கட்டிப் படம் காட்டுவது வழக்கம். நான் திரை கேட்கவில்லை. அழகான சூரியப் படங்கள் உங்கள் கைபேசியிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கும். ஒரே சூரியனை, ஒரே கருவியால், நாள் தவறாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். வந்தவுடன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போவது உங்களுக்குத் தெரியும். சூரியனுக்கும் அப்படி ஒரு வருகைப் பதிவேடு நம் நாட்டில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அது தமிழ்நாட்டில், கோடைக்கானல் மலையில் இருக்கிறது. ஆனால் கதை பூனாவில் தொடங்குகிறது.

இங்கே மெட்ரோ ஏறினால் சிவாஜி நகரில் இறங்கலாம். அங்கிருக்கும் பொறியியல் கல்லூரிக்கு அந்தக் காலத்தில் அறிவியல் கல்லூரி என்று பெயர். பாவ்நகர் மகாராஜா தக்தசிங்ஜி 1882இல் 5,000 ரூபாய் கொடுத்தார். அரசாங்கமும் அதே அளவு போட்டது. அந்தப் பணத்தை முதலாக வைத்து, மகாராஜா பெயரிலேயே கல்லூரி வளாகத்தில் ஒரு வானாய்வுக்கூடம் எழுந்தது. கட்டி நடத்தியவர் காவஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா என்ற பார்சிப் பேராசிரியர். அவரிடம் இருந்த 20 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கிதான் அப்போது இந்தியாவிலேயே பெரியது. 1898 ஜனவரி 22ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் வந்தபோது, சோலாப்பூர் ரயில் பாதையில் இருக்கும் ஜேயூருக்குக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போனார். சூரியனின் வெளி ஒளிவட்டத்தின் நிறமாலையைப் படமெடுத்துத் திரும்பினார். கெட்டிக்காரர். ஆனால் கூடம் அவர் ஒருவரை நம்பியே நின்றது. 1912இல் அவர் ஓய்வு பெற்றார், கூடத்தையும் மூடினார்கள். பெரிய தொலைநோக்கியும் மற்றக் கருவிகளும் கட்டுக் கட்டாகக் கோடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தன.

போன இடத்தில் என்ன இருந்தது? சூரியனுக்கென்று அங்கே வைத்திருந்தவை எல்லாம் சின்னக் கருவிகள். 6 அங்குல விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி, 12 அங்குல லென்ஸ் ஒன்று. நேகம்வாலாவின் 20 அங்குலத்துக்கு முன்னால் அவை குழந்தைகள். ஆனாலும் அந்தக் கூடம் இன்றுவரை நடக்கிறது. ஏன் என்று கேட்டால் அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டி லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பஞ்சம். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கு அன்றைய விஞ்ஞானிகள் சிலர் சூரியனைக் கை காட்டினார்கள். சூரியக் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது அப்போது தெரிந்த சங்கதி. பருவமழையும் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது என்று நார்மன் லாக்யரும் ஹண்டரும் 1877இலேயே எழுதினார்கள். புள்ளியை எண்ணினால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற ஆசை. முதலில் டேராடூனில் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிறகு தென்னாட்டில் உயரமான, தெளிந்த வானமுள்ள இடம் தேடி வானியலாளர் மிச்சி ஸ்மித் மலை மலையாக ஏறி இறங்கினார். கோடைக்கானல் தேறியது. 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899இல் கூடம் தொடங்கியது. உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர்.

மழைக் கணக்கு பலித்ததா? இல்லை. 1904இல் வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் நல்ல கணிதக்காரர். கரும்புள்ளிக்கும் நம் மழைக்கும் உள்ள உறவைப் புள்ளிவிவரத்தால் சோதித்து, முன்னறிவிப்புக்கு இதை நம்ப முடியாது என்று கண்டார். அதன்பின் கடலையும் காற்றழுத்தத்தையும் பார்க்கப் போய்விட்டார். கூடத்தைக் கட்டிய காரணமே அடிபட்டுவிட்டது. பூனாவாக இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். கோடைக்கானலில் காலையில் குவிமாடத்தைத் திறப்பது மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அது ஒரு ஆளின் ஆர்வமாக இல்லாமல் ஒரு அலுவலகத்தின் வழக்கமாகிவிட்டிருந்தது. கூடத்தை நடத்திய வானிலைத் துறையும் நமக்குத் தூரமில்லை. 1928இல் வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து பூனாவுக்கு வந்தது. இன்றைக்கும் அதன் பக்கத்து பஸ் ஸ்டாப்பை ‘சிம்லா ஆபீஸ்’ என்றுதான் கண்டக்டர் கூப்பிடுகிறார். கோடைக்கானல் கூடம் பல ஆண்டுகள் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. 1971இல்தான் இந்திய வானியற்பியல் நிறுவனம் தனியாகப் பிரிந்தது.

இப்போது கருவிக்கு வருகிறேன். வானத்தில் மற்ற எதைப் பார்ப்பதற்கும் தொலைநோக்கி ஒளியைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் பெரிதாக, இன்னும் பெரிதாகக் கட்டுகிறார்கள். சூரியனில் தொல்லை நேர்மாறானது. வருகிற ஒளியில் அநேகமாக எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளியாக வேண்டும். சாதாரணத் தொலைநோக்கியின் வாயில் கட்டுகிற பாதுகாப்புத் தாள் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். அதில் ஒளிக்கோளம் தெரியும்: வழவழவென்று ஒரு வட்டம், அதில் கரும்புள்ளிகள், ஓரத்தில் கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது, நிறக்கோளம் என்பார்கள். தீநாக்குகளும் இழைகளும் வெடிப்புகளும் அங்கேதான். கீழடுக்கின் வெளிச்சம் அதை முழுக்க மறைத்துவிடும். முழுக் கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டும் ஓரத்தில் சிவப்பாக எட்டிப் பார்க்கும்.

1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி கிரகணத்தின்போது குண்டூரில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஜான்சென் இதைத்தான் நிறமாலைக் கருவியில் பார்த்தார். தீநாக்கின் வெளிச்சம் ஒரு சில கோடுகளில் குவிந்திருக்கிறது என்பதைக் கண்டதும் அவருக்கு ஒன்று பொறி தட்டியது: அந்தக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் கிரகணமே வேண்டாமே! மறுநாள் காலை, வெறும் வெயிலில், தீநாக்கைப் பார்த்துவிட்டார். இன்று கடையில் வாங்கும் சிறப்புச் சூரியத் தொலைநோக்கி வரைக்கும் எல்லாம் அந்தக் குண்டூர்க் காலையின் பிள்ளைகள் என்று நான் சொல்வேன்.

அந்த யோசனையை வைத்து அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் டெலாண்ட்ரும் 1890களில் தனித்தனியாக ஒரு கருவி செய்தார்கள். சூரியனின் பிம்பத்தை ஒரு குறுகிய பிளவின் மேல் விழவைப்பார்கள். பிளவு வழியாக ஒரு கீற்று மட்டும் உள்ளே போகும். அதை நிறம் நிறமாகப் பிரித்து, இரண்டாவது பிளவால் ஒரே ஒரு கோட்டை மட்டும் எடுத்துத் தகட்டில் விழவிடுவார்கள். பிளவு சூரியனைக் குறுக்கே கடக்கக் கடக்க, கீற்றுக் கீற்றாக முழுப் படமும் தகட்டில் சேரும். கேம்பிரிட்ஜில் செய்த அத்தகைய கருவி ஒன்று 1904இல் கோடைக்கானலுக்கு வந்தது. முதலில் கால்சியத்தின் ‘கே’ கோடு, 393 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஊதாவின் விளிம்பு. 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடும் சேர்ந்துகொண்டது. படத்தில் சூரியனின் விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர். அதாவது உள்ளங்கையில் அடங்கும். கண்ணாடித் தகடுகள் உடைந்துவிடாமல் உறை போட்டு, உறையில் தேதியும் நேரமும் எழுதி அடுக்கி வைத்தார்கள். மேகம் மூடிய நாளில் படம் இருக்காது. மற்ற நாளெல்லாம் இருக்கும். அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை இந்த வேலையையே பார்த்திருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பு நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1907 தொடக்கத்தில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். கரும்புள்ளியில் சுழல் இருக்கும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அதைத் தேடித்தான் 1909 ஜனவரியில் புள்ளியின் நிறமாலையை எடுத்தார். கோடுகள் இலேசாகச் சாய்ந்திருந்தன. ஆனால் சாய்வு சுழலுக்குப் பொருந்தவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து வாயு நாலா பக்கமும் கிடையாக வெளியே ஓடுவதற்குத்தான் பொருந்தியது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்களில் இருப்பது இதுதான். அவர் மனைவி மேரி தீநாக்குகளைப் பல ஆண்டு ஆராய்ந்து எழுதியவர். அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது பலருக்கும் பழக்கம், நானும் விட வேண்டியதில்லை.

இருந்தாலும், எனக்கு எவர்ஷெட்டைவிட அந்தத் தகட்டு அலமாரிதான் பெரிது. காரணம் சொல்கிறேன். ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்ற ஊரில் ஷ்வாபே என்று ஒருவர், மருந்துக் கடைக்காரர். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் சுற்றுகிறது, அது சூரியனைக் கடக்கும்போது பிடித்துவிடலாம் என்று நம்பி, 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துக் குறித்தார். கோள் கிடைக்கவில்லை, அப்படி ஒரு கோளே இல்லை. பதினேழு ஆண்டு கழித்துக் குறிப்புகளைப் புரட்டியபோது கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சி கிடைத்தது. கோடைக்கானலிலும் அதே கதைதான். மழைக்காக எடுத்த தகடுகளைப் பிற்பாடு மின்னணுப் படமாக்கி, சூரியனின் பழைய நடத்தையை இன்று கணக்கிடுகிறார்கள். விண்கலங்கள் இல்லாத காலத்தில் புறஊதா ஒளி எவ்வளவு இருந்தது, துருவப் பகுதிகளில் காந்தப் புலம் எப்படி மாறியது என்பதற்கெல்லாம் அந்தக் கால்சியம் தகடுகள் சாட்சி. எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்விகளே தெரியாது.

தகடுகளில் குறை இல்லாமல் இல்லை. சிலவற்றில் வடக்கு எந்தப் பக்கம் என்பதில் குழப்பம், சிலவற்றில் குறித்த நேரம் சரியில்லை. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இதைச் சரிப்படுத்துவதற்கே தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எது வடக்கு என்று தெரியாவிட்டால் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல முடியாதே.

இனி நம் மொட்டை மாடிக்கு வருவோம். இன்று ஆர்வலர்கள் வாங்கும் ஹைட்ரஜன் தொலைநோக்கி 40 அல்லது 60 மில்லிமீட்டர் விட்டம்தான், கையில் தூக்கிக்கொண்டு படியேறலாம். கரோனாடோ, லண்ட் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விலை கையைக் கடிக்கும். பணம் எதற்குப் போகிறதென்றால் உள்ளே இருக்கும் ஈட்டலான் என்ற ஜோடிக் கண்ணாடிக்கு. இரண்டு தட்டைக் கண்ணாடிகளை முடியளவு இடைவெளியில், மிகத் துல்லியமாக இணையாக நிறுத்தியிருப்பார்கள். ஒளி இரண்டுக்கும் நடுவே எகிறி எகிறி, இடைவெளிக்கு ஒத்துவரும் அலைநீளங்கள் மட்டும் தப்பி வெளியே வரும். அவற்றிலும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடைக்க இன்னொரு வடிகட்டி. கடைசியில் கிடைப்பது ஹைட்ரஜனின் சிவப்புக் கோடான 656.28 நானோமீட்டரைச் சுற்றி 0.07 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு சன்னல். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மொத்த அகலத்தில் இது நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோட்டின் நடுவில் சூரியனே இருண்டிருக்கும். பக்கத்து வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் அங்கே இருக்கும். சன்னல் கொஞ்சம் அகன்றாலும் கீழடுக்கின் வெளிச்சம் புகுந்து எல்லாம் வெளிறிவிடும்.

தொலைநோக்கியின் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். சிலவற்றில் அது கண்ணாடியைச் சாய்க்கும், சிலவற்றில் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டும். இதைத் திருப்புவதில்தான் கை பழக வேண்டும். நம்மை நோக்கியோ விலகியோ நொடிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயுவின் கோடு 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது நம் சன்னலை விட்டே வெளியேறிவிடும். வட்டின் நடுவில் கறுத்த கோடாகக் கிடக்கும் இழை ஒன்று வெடித்துக் கிளம்பும்போது, படத்தில் சட்டென்று காணாமல் போகும். போகவில்லை. திருகை நீலப் பக்கம் திருப்பினால் மறுபடி தெரியும், நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

படமெடுப்பதற்குக் கறுப்பு வெள்ளைக் கேமராதான் வேண்டும். வண்ணக் கேமராவில் நாலில் ஒரு புள்ளிதான் சிவப்பைப் பார்க்கும், மூன்று வீண். தனிப் படமாக எடுக்காமல் ஒரு நிமிட வீடியோ எடுத்து, அதன் ஆயிரக்கணக்கான சட்டகங்களில் காற்று அடங்கியிருந்த நொடிகளில் விழுந்தவற்றை மென்பொருளால் பொறுக்கி அடுக்குவார்கள். காற்றுத்தான் எதிரி. பகலில் தரை சூடேறி அனல் எழும்ப, சூரிய விளிம்பு கொதிக்கிற மாதிரி நெளியும். உதயப்பூரில் அரவிந்த் பட்நாகர் ஃபதேசாகர் ஏரியின் நடுத்தீவில் சூரியக் கூடத்தை அமைத்ததற்குக் காரணம் இதுதான். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அனல் குறைவு. பிம்ப்ரியில் ஏரித் தீவுக்கு எங்கே போவது? கான்கிரீட் மாடி சூடாகும் முன்னால், காலையிலேயே எடுத்து முடித்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம். மற்ற மாதங்களில் காலைக்குப் பெரும்பாலும் குறைவில்லை.

எடுத்த படத்தை ஆரஞ்சு நிறத்தில் முக்கி எடுப்பது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. அந்த ஒளியின் உண்மையான நிறம் ஆழ்ந்த சிவப்பு. கேமராவில் விழுவதோ சாம்பல். ஆரஞ்சு நாம் பூசுவது. பூசுங்கள், கண்ணுக்கு இனிக்கும். ஆனால் பூசாத மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். கூர்மையாக்கும் மென்பொருளைக் கொஞ்சம் அதிகம் முடுக்கினால், சூரியனில் இல்லாத நுண்ணிழைகளையும் அதுவே நெய்து கொடுத்துவிடும். நாளைக்கு ஒருவர் அந்தப் படத்தை அளக்க உட்கார்ந்தால் எதை அளப்பார்?

பணம் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. கிறிஸ்தியன் புயில் என்ற பிரெஞ்சுக்காரர் சோலெக்ஸ் என்று ஒரு கருவியை வடிவமைத்து, செய்முறையைப் பொதுவில் வைத்துவிட்டார். உடலை முப்பரிமாண அச்சில் வார்த்துக்கொள்ளலாம். பிளவு, நிறம் பிரிக்கும் கீற்றணி, சின்ன லென்ஸ்கள், கேமரா. சூரியனைப் பின்தொடரத் தொலைநோக்கியை ஓட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டால், பூமி சுழல்வதால் சூரியன் தானே பிளவைக் கடந்துபோகும். தன் விட்டத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த வீடியோவிலிருந்து கீற்றுகளை ஒட்டவைத்தால் முழுச் சூரியன். கோடைக்கானலில் 1904இல் வந்திறங்கிய கருவியின் அதே தத்துவம், இப்போது ஒரு பையில் அடங்குகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் குறைவா, லேத் பட்டறைகள்தான் குறைவா?

பூனாவும் இப்போது கணக்கைத் தீர்த்துவிட்டது. வானியற்பியலாளர் நார்லிகர் இங்கே தொடங்கி வைத்த ஐயூக்கா நிறுவனத்தில் உருவான ‘சூட்’ தொலைநோக்கி, ஆதித்யா எல்1 விண்கலத்தில் 2023 செப்டம்பர் 2ஆம் தேதி புறப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று, மேகமும் அனலும் இல்லாமல், 200 முதல் 400 நானோமீட்டர் வரையில் 11 வடிகட்டிகள் வழியாக முழுச் சூரியனையும் எடுக்கிறது. கால்சியம் கோடும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. அப்படியிருக்க நம் மாடியில் எதற்கு என்று கேட்பீர்கள். விண்கலத்துக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொன்றின் கேமராவும் ஒவ்வொரு விதம். தரையிலிருந்து எடுக்கும் நீண்ட வரிசைதான் ஒரு விண்கலத்தையும் அடுத்ததையும் கோத்துப் பார்க்க உதவும். 2024 மே மாதம் வந்த காந்தப் புயலில் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அதற்குக் காரணமான புள்ளிக் கூட்டம் சாதாரணத் தாள் வடிகட்டியிலேயே தெரிந்தது. அது எந்த நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று பள்ளிப் பிள்ளைகளே வரைந்திருக்கலாம். சிஞ்ச்வடில் மாநகராட்சியின் அறிவியல் பூங்கா இருக்கிறது. தாள் வடிகட்டி கட்டிய ஒரு சின்னத் தொலைநோக்கியும் ஒரு நோட்டும் வைக்க இடமா இல்லை?

தொடங்குகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிட்டு உட்காருகிறேன். வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் முன்வாயில்தான். மலிவுத் தொலைநோக்கிகளோடு கண்வில்லையில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி வந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும், கண் அதன் பின்னால் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் குட்டித் தேடு தொலைநோக்கியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். எக்ஸ்ரே பிலிம் கூடவே கூடாது. சூரியனைக் குழலுக்குள் கொண்டுவர, தரையில் குழலின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் போதும். பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். சூரியன் படத்தில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் மேற்கு. அந்த ஓட்டத்தைச் சில நொடி பதிவு செய்துகொண்டு, நேரத்தை நொடி வரைக்கும் குறித்து, அதன் பிறகு அன்றைய படத்தை எடுங்கள்.